சுழிக்கு அப்பால்

1679 மே மாதக் கடைசியில் எட்மண்ட் ஹாலி டான்சிக் துறைமுகத்தில் வந்து இறங்கினார். வயது 22. இன்று போலந்தின் க்டான்ஸ்க் என்று அறியப்படும் அந்த ஊரில், தன் மூன்று வீடுகளின் கூரைகளைச் சேர்த்துக் கட்டிய மேடையிலிருந்து யோஹன்னஸ் ஹெவேலியஸ் பல ஆண்டுகளாக வானத்தை அளந்துகொண்டிருந்தார். பியர் வடிக்கும் தொழில் செய்தவர். வானியலில் ஐரோப்பாவே மதித்த பெயர். வயது 68. ஹாலி வந்ததற்குக் காரணம் ஒரு சண்டை.

ஹெவேலியஸ் விண்மீன்களின் இடத்தை அளக்கத் தொலைநோக்கியைப் பயன்படுத்தவில்லை. வெறுங்கண்ணால் துளைவழியே குறிபார்க்கும் கருவிகளையே நம்பினார். லண்டனில் ராபர்ட் ஹூக் 1674இல் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். மனிதக் கண்ணுக்கே ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய ஒரு கலைக்குக் கீழே அதனால் பிரித்தறிய முடியாது. எனவே வெறுங்கண் கருவி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைவிட நுட்பமாக அளக்காது என்பது அவர் வாதம். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த அத்தியாயம் முழுவதும் அளவு பிடிபடும்.

சண்டையைத் தீர்க்க ஹாலி தொலைநோக்கி பொருத்திய கருவி ஒன்றைத் தன்னுடன் கொண்டுவந்திருந்தார். ஹெவேலியஸிடம் இருந்தது ஆறடி ஆரமுள்ள பித்தளை செக்ஸ்டன்ட். தாங்கியில் நிற்கும் பெரிய கருவி அது. இயக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு விண்மீனைப் பிடித்து நிறுத்த, மற்றவர் அசையும் கையை நகர்த்தி அடுத்த விண்மீனைப் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் பிடிபட்டால்தான் பாகை குறித்த வில்லில் உள்ள எண் செல்லும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் அவர் மனைவி எலிசபெத்தா. 1673இல் வெளிவந்த ஹெவேலியஸின் நூலில் இருவரும் கருவியின் இரு பக்கம் நின்று வானத்தைப் பார்க்கும் செதுக்கோவியம் இருக்கிறது. பெண்களின் அறிவியல் உழைப்பு படமாகவே பதிவான மிகச் சில பழைய சான்றுகளில் அது ஒன்று.

வாரக்கணக்கில் அளந்தார்கள். ஹாலி கண்டது அவரையே வியக்க வைத்தது. ஒரே இரண்டு விண்மீன்களுக்கு இடையிலான தூரத்தைத் திரும்பத் திரும்ப அளந்தபோது விடைகள் 10 விகலைக்குள் ஒத்துப்போயின. ஹூக் சொன்ன எல்லையில் ஆறில் ஒரு பங்கு. ஹாலி அதை மனம் திறந்து எழுதிக் கொடுத்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில், தீப்பிடித்து அந்தக் கூரை மேடையும் கருவிகளும் அச்சிட்டு அடுக்கியிருந்த நூல்களும் எரிந்தன. எலிசபெத்தாதான் கணவர் இறந்த பிறகு, 1690இல், அவருடைய விண்மீன் பட்டியலை வெளிக்கொண்டுவந்தார்.

அந்த 10 விகலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு கருவி தன் முந்தைய விடையோடு ஒத்துப்போவது வேறு. விடை உண்மையாக இருப்பது வேறு. வில்லில் ஒரு கோடு இடம் தவறிக் கீறப்பட்டிருந்தால், கருவி நூறு முறையும் அதே தவறான எண்ணைத்தான் சொல்லும். அதுவும் மிக ஒழுங்காக, 10 விகலை பிசகாமல் சொல்லும். திரும்பத் திரும்ப அளப்பது அளப்பவரின் கைத்திறனைக் காட்டும். கருவியின் உண்மையைக் காட்டாது. அதைச் சோதிக்க, கருவிக்கு வெளியே, நமக்கு முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்த ஒரு கோணம் வேண்டும். ஹாலியின் காலத்தில் அப்படி ஒரு கோணம் யாரிடமும் இல்லை. இன்று நம்மிடம் வானம் நிறைய இருக்கிறது.

இன்று கப்பலில் இருக்கும் செக்ஸ்டன்ட் ஒருவர் கையிலேயே அடங்குவது. ஜான் ஹாட்லி 1731இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்த இரட்டைக் கண்ணாடி ஏற்பாட்டின் வழிவந்தது. அசையும் கையின் உச்சியில் ஒரு கண்ணாடி; சட்டத்தில் அசையாமல் இன்னொரு கண்ணாடி, அதில் பாதிதான் பூச்சுள்ளது. பூச்சில்லாத பாதிவழியே ஒரு விண்மீனை நேராகப் பார்க்கிறோம். இன்னொரு விண்மீனின் ஒளி இரு கண்ணாடிகளிலும் பட்டுத் திரும்பி அதே குழாய்க்குள் வருகிறது. கையை நகர்த்தி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டால், அவற்றின் இடைக்கோணத்தை வில்லில் படித்துக்கொள்ளலாம். கப்பல் ஆடினாலும் இரு பிம்பங்களும் சேர்ந்தே ஆடும் என்பதுதான் இதன் மேதைமை.

கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் எதிரொளித்த கதிர் இரண்டு பாகை திரும்பும். அதனால் 60 பாகை நீளமுள்ள வில்லில் 120 பாகை குறிக்கப்பட்டிருக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. கையின் இயக்கத்தில் எந்தப் பிசகு இருந்தாலும் அதுவும் அளவீட்டில் இரட்டிப்பாகவே தெரியும்.

மாலுமிகள் கருவியை எடுத்ததும் முதலில் செய்வது சுழிச் சோதனை. கையைச் சுழியில் வைத்து ஒரே விண்மீனைப் பார்த்தால் நேர்ப் பிம்பமும் எதிரொளிப் பிம்பமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கையின் அடியிலுள்ள நுண்ணளவு உருளையைத் திருகி ஒன்றாக்கி, அப்போது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு எல்லா அளவீட்டிலும் கழிக்கவோ கூட்டவோ செய்கிறார்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் திருகு அளவியின் இரு முகங்களையும் ஒட்டவைத்துச் சுழிப்பிழை கண்டோமே, அச்சு அசல் அதே வேலை. அவசியமான வேலை, ஒரு நிமிடத்தில் முடியும். ஆனால் அது வில்லின் ஒரே ஒரு புள்ளியைத்தான் சோதிக்கிறது. 20 பாகையில், 54 பாகையில், 100 பாகையில் கருவி சொல்வது சரிதானா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பெரும்பாலான செக்ஸ்டன்ட்கள் தொழிற்சாலையை விட்டபின் வாழ்நாள் முழுதும் அந்த ஒரு புள்ளியில் மட்டுமே பரிசோதிக்கப்பட்டு, மற்ற பாகைகளில் நம்பிக்கையின் பேரில் ஓடுகின்றன.

அந்த மற்ற பாகைகளில் என்ன கெட முடியும்? முக்கியமானது மைய விலகல். கை சுழலும் அச்சு, வில்லின் உண்மையான மையத்தில் அமைந்திருக்க வேண்டும். நல்ல செக்ஸ்டன்டின் வில்லுக்கு ஆரம் சுமார் 162 மி.மீ. அச்சு மையத்திலிருந்து வெறும் 0.024 மி.மீ. தள்ளியிருந்தால் போதும், வில்லின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் ஒரு கலை வரை பிழை வந்துவிடலாம். தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த விலகல் அது. சுழியில் இது கொஞ்சமும் தெரியாது. கருவி ஒருமுறை கீழே விழுந்து அச்சு இம்மியளவு நகர்ந்தாலும், சுழியைத் திருகித் திருத்திவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள முடியும்.

அடுத்தது தொலைநோக்கிக் குழாயின் சாய்வு. குழாய் கருவியின் தளத்துக்கு இணையாக இல்லாவிட்டால் அளந்த கோணம் எப்போதும் உண்மையைவிடப் பெரிதாகவே வரும். குழாய் ஒரு பாகை சாய்ந்திருந்தால் 10 பாகைக் கோணத்தில் பிழை 5, 6 விகலைதான்; 90 பாகையில் ஒரு கலையைத் தாண்டிவிடும். இதுவும் சுழியில் ஒளிந்துகொள்ளும். வெப்பத்தைப் பலர் குற்றம் சொல்வார்கள். உலோகக் கருவி முழுதும் சீராகச் சூடானால் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் விரியும், கோணம் மாறாது. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்ட கருவிதான் ஆபத்து. பிளாஸ்டிக் கருவிகளில் இன்னும் அதிகம்.

சோதனைக்கு ஒரு விண்மீனின் உயரத்தை அளந்து பார்த்தால் ஆகாதா? ஆகலாம், ஆனால் எவ்வளவு கேள்விகள்! தொடுவானக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். கடல்மட்டத்திலிருந்து கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். நிற்கும் இடம் தெரிய வேண்டும், நேரம் நொடிவரை தெரிய வேண்டும். விடை பிசகினால் பிழை இதில் எதனுடையது என்று சொல்ல வழியில்லை. இரண்டு விண்மீன்களுக்கு இடையிலுள்ள கோணத்துக்கு இவை எதுவும் வேண்டாம். சென்னையிலிருந்து பார்த்தாலும் டான்சிக்கிலிருந்து பார்த்தாலும் அது ஒன்றே. இதனால்தான் கருவியைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு குறுக்கீடு உண்டு, காற்று. காற்றுமண்டலம் ஒளியை வளைத்து ஒவ்வொரு விண்மீனையும் சற்று மேலே தூக்கிக் காட்டும். உயரம் 45 பாகையில் இருக்கும் விண்மீன் ஒரு கலை தூக்கலாகத் தெரியும்; 10 பாகையில் இருப்பது ஐந்து கலைக்கு மேல். உச்சிக்குக் கிழக்கே 45 பாகை உயரத்தில் ஒன்று, நேர் மேற்கே அதே உயரத்தில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். உண்மை இடைவெளி 90 பாகை. இரண்டும் உச்சியை நோக்கி ஒவ்வொரு கலை நகர்ந்து தெரிவதால் நாம் அளக்கப்போவது 89 பாகை 58 கலை. இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு ஒருவர் தன் கருவி இரண்டு கலை குறைத்துக் காட்டுவதாக முடிவு கட்டினால், நல்ல கருவிமேல் வீண்பழி விழுந்துவிடும். திருத்த அட்டவணைகள் 10 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை வைத்துத் தயாரிக்கப்படுகின்றன என்பதும் நம் ஊருக்கு முக்கியம். 30 டிகிரியில் காற்று மெலிந்திருக்கும். விலகல் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். 2 கலையில் அது 8 விகலை. தாழ்வான விண்மீன்களைத் தவிர்த்துவிட்டால் பெரும்பாடு குறையும்.

விண்மீன்களும் முழுதாகச் சும்மா இருப்பதில்லை. பூமியின் அச்சு மெல்லச் சுற்றி வருவதால் எல்லா விண்மீன்களின் ஆயங்களும் ஆண்டுதோறும் மாறுகின்றன. ஆனால் அது நாம் போட்ட கட்டங்கள் நகர்வது. விண்மீன்களின் இடைவெளி அதனால் மாறாது. இரு விண்மீன்களின் ஆயங்களையும் ஒரே ஆண்டின் அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவே. உண்மையான நகர்வு வேறொன்று. சுவாதி ஆண்டுக்கு 2.3 விகலை நகர்கிறது. 26 ஆண்டில் ஒரு கலை. நிலையானவை என்று உலகம் நம்பியிருந்த விண்மீன்கள் இப்படித் தனித்தனியே நகர்கின்றன என்று 1718இல் முதலில் சொன்னவர் டான்சிக்குக்குப் போய்வந்த அதே ஹாலிதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. எனக்கு இதில் அலாதியான பிரியம். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தால் விண்மீன்கள் பூமி போகும் திசையை நோக்கிச் சற்று நெருங்கித் தெரிகின்றன, அதிகபட்சம் 20.5 விகலை. 1720களின் இறுதியில் ஜேம்ஸ் பிராட்லி கண்டுபிடித்தது. பூமி போகும் திசை விடியற்காலை வானில் உயரே இருக்கும். விட்டுவந்த திசை அந்தி வானில் உயரே இருக்கும். அதனால் விடியலில் உச்சியின் இரு பக்கமும் பார்க்கும் ஒரு 90 பாகை இணை சுமார் 29 விகலை சுருங்கியிருக்கும். ஆறு மாதம் கழித்து அதே இணையை அந்தியில் பார்த்தால் அதே அளவு விரிந்திருக்கும். ஏறக்குறைய ஒரு கலை வேறுபாடு. கையில் பிடிக்கும் ஒரு கருவி பூமியின் ஓட்டத்தை உணரும் அளவுக்கு நுட்பமானது!

நல்லவேளையாக இதையெல்லாம் நாமே கணக்கிட வேண்டியதில்லை. மாலுமிகளுக்கான நாட்டிகல் அல்மனாக் 57 விண்மீன்களின் இடத்தை, இந்த ஓட்டத்தின் விளைவையும் சேர்த்து, கலையின் பத்தில் ஒரு பங்குவரை தருகிறது. இரு விண்மீன்களும் வான நடுவரையிலிருந்து விலகியிருக்கும் கோணங்களின் சைன்களைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதே கோணங்களின் கோசைன்களையும், கிழக்கு மேற்காக அவற்றுக்குள்ள கோண வேறுபாட்டின் கோசைனையும் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். வருவது இடைக்கோணத்தின் கோசைன். சாதாரணக் கால்குலேட்டர் போதும். நடுவரைக்கு வடக்கே கூட்டல், தெற்கே கழித்தல் என்ற குறியில் மட்டும் கவனம் வேண்டும்.

இந்த எண்களுக்குப் பின்னால் தலைமுறைகளின் இரவு விழிப்பு இருக்கிறது. அதில் சென்னைக்கும் பங்குண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் தாமஸ் கிளான்வில் டெய்லர் பல ஆண்டுகள் அளந்து 1844இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 11,000 விண்மீன்கள் இருந்தன. 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிர்ணயித்தது. நம் செக்ஸ்டன்டின் உருளையில் படிக்க முடிவது 6 விகலை.

இனி மாடிக்குப் போகலாம். தை, மாசி இரவுகள் இதற்கென்றே அமைந்தவை. புனர்பூசத்தின் இரு விண்மீன்கள், காஸ்டரும் போலக்ஸும், நாலரை பாகை இடைவெளியில் நிற்கின்றன. திருவாதிரைக்கும் ரைகலுக்கும் 18.6 பாகை. சிரியஸுக்கும் புரோசியானுக்கும் 25.7. ரோகிணிக்கும் மகத்துக்கும் ஏறக்குறைய 80. சித்திரை, வைகாசியில் மகமும் சித்திரையும் 54 பாகை தரும். சித்திரையும் சுவாதியும் 33 பாகைக்குச் சற்றுக் குறைவு. மகமும் கேட்டையும் கிட்டத்தட்ட 100. இப்படி வில்லின் நீளம் முழுதும் ஆங்காங்கே ஒரு மைல்கல் கிடைத்துவிடுகிறது. இவை தேர்வுக்கான தோராயங்கள். சோதனைக்கு அந்தத் தேதியின் எண்ணைக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

கணக்கிட்ட கோணத்தை முதலிலேயே கருவியில் வைத்துவிட வேண்டும். மங்கலான விண்மீனை நேராகப் பார்ப்பது நல்லது, எதிரொளிப்பில் ஒளி கொஞ்சம் குறைந்துபோகும் என்பதால். கருவியின் தளம் இரு விண்மீன்களையும் தொடும்படி சாய்க்க வேண்டும். சில இணைகளுக்குத் தலைகீழாகப் பிடிக்க வேண்டிவரும். ஒன்றரைக் கிலோ எடையை அண்ணாந்து பிடிப்பதால் கை சீக்கிரம் நடுங்கத் தொடங்கும். சாய்வு நாற்காலியில் படுத்து முழங்கைகளுக்கு முட்டுக் கொடுத்தால் அளவீடே மேம்படும். பார்வைக்கோட்டைச் சுற்றிக் கருவியை மெல்ல ஆட்டினால் இரண்டாவது விண்மீன் ஓரத்திலிருந்து நீந்தி வந்து, முதல் விண்மீனைக் கடந்து, மறுபக்கம் போகும். ரோகிணியைச் சேர்க்கும்போது அதன் செம்மஞ்சள் நிறமே எது எது என்று காட்டிக்கொடுக்கும். கடக்கும் பாதை முதல் விண்மீனுக்குச் சற்றுப் பக்கமாகப் போனால் உருளையை இம்மி திருக வேண்டும். இரண்டு புள்ளிகளும், வட்டத்தின் ஓரத்தில் அல்லாமல் நடுவில், ஒன்றின்மேல் ஒன்று அமரும் கணத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும்.

ஓர் அளவீட்டை நம்பக் கூடாது. ஒவ்வொரு இணையையும் பலமுறை எடுத்துச் சராசரி காண வேண்டும். பாதியை உருளையைக் கூட்டும் திசையில் திருகி முடித்தும், மீதியைக் குறைக்கும் திசையில் முடித்தும் எடுப்பது நல்லது. இரண்டு தொகுதிகளும் சீராக வேறுபட்டால் திருகில் ஆட்டம் இருக்கிறது என்று பொருள். இனி எப்போதும் ஒரே திசையில் முடித்தால் போதும். சுழிச் சோதனையைத் தொடக்கத்திலும் இறுதியிலும் செய்ய வேண்டும். கணக்கிட்ட கோணத்திலிருந்து காற்றின் திருத்தத்தைக் கழித்து, அளந்த கோணத்திலிருந்து சுழிப்பிழையை நீக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மிஞ்சும் வேறுபாடுதான் அந்தப் பாகையில் கருவியின் சொந்தப் பிழை.

அந்த வேறுபாடுகளை வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்தால் நோய் எது என்று தெரியத் தொடங்கும். எல்லாப் பாகையிலும் ஒரே அளவு பிழையென்றால் வில் குற்றமற்றது. சுழிப்பிழையைத்தான் சரியாக எடுக்கவில்லை. சிறு கோணங்களில் ஒன்றுமில்லாமல் இருந்து, பெரிய கோணங்களில் வேகமாக ஏறி, எப்போதும் கூடுதலாகவே காட்டினால் குழாய் சாய்ந்திருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ள முடியும். வில் நெடுக மென்மையாக வளைந்து ஏறியோ இறங்கியோ போனால் மைய விலகல். அதைத் திருத்த முடியாது, அட்டவணை போட்டு வாழத்தான் முடியும். புள்ளிகள் ஒழுங்கின்றித் துள்ளினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் அளவீட்டை. அது தெளிவான பிறகே திருகின் பற்களையோ கோடுகளையோ குற்றம் சொல்லலாம்.

கடலில் இடம் காண்பதற்கு இவ்வளவு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கலைப் பிழை ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். ஆடும் தளத்தில், மங்கிய தொடுவானத்தில் அதைவிடப் பெரிய பிழைகள் சாதாரணம் என்பது உண்மைதான். ஆனால் செக்ஸ்டன்ட் இந்த உருவத்துக்கு வளர்ந்ததே அதைவிடக் கடினமான ஒரு வேலைக்காக. நெவில் மாஸ்கலின் 1767ஆம் ஆண்டுக்கு முதலில் வெளியிட்ட நாட்டிகல் அல்மனாக், நிலவுக்கும் சூரியனுக்கும், நிலவுக்கும் குறிப்பிட்ட விண்மீன்களுக்கும் உள்ள கோணத்தை மூன்று மணிக்கொரு முறை தந்தது. அந்தக் கோணத்தை அளந்து கிரீனிச் நேரத்தைத் தெரிந்துகொண்டு தீர்க்கரேகை காண்பது முறை. நிலவு ஒரு கலை நகர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பூமி அரைப் பாகை சுழன்றுவிடும். ஒரு கலைக் கருவிப்பிழை நிலநடுக்கோட்டருகே கப்பலை 55 கி.மீ. தள்ளி வைத்துவிடும். அளக்கும் கோணங்களும் 30, 60, 100 பாகை என்று வில் முழுதும் பரவியிருக்கும். சுழிச் சோதனை அங்கே துணைக்கு வராது. 19ஆம் நூற்றாண்டில் லண்டனுக்கு அருகே க்யூ ஆய்வகம் செக்ஸ்டன்ட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்ததற்கு இதுவே பின்னணி. அங்கே நிலையான கோணங்களில் பொருத்திய ஒளிக்குழாய்கள் செயற்கை விண்மீன்களாக நின்றன.

இன்றும் நல்ல செக்ஸ்டன்டின் பெட்டி மூடியின் உட்புறம் அப்படியொரு சான்றிதழ் ஒட்டியிருக்கும். சில பாகைகளும் அவற்றுக்கு நேரே விகலைகளும் அச்சிட்டிருக்கும். அது கருவி தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட நாளின் நிலைமை. விண்மீன்களிடம் நாமே பெற்ற அட்டவணையை அதன் பக்கத்தில் ஒட்டும்போது, கூட்டல் கழித்தல் குறிகளோடு நிறுத்தாமல் ‘கூட்டுக’, ‘கழிக்க’ என்று எழுத்திலேயே எழுதுவது நல்லது. அதிகாலை மூன்று மணிக்கு, ஆடும் விளக்கொளியில், வெறும் குறிகளை மாற்றிப் படிப்பது மிகச் சுலபம். கூடவே தேதியும், அன்றிரவு வெப்பநிலையும், எந்தக் குழாய் பொருத்தியிருந்தது என்பதும். கண்ணாடியை மாற்றினாலோ, கருவி கை தவறி விழுந்தாலோ, அந்தத் தாளைக் கிழித்துவிட்டுச் சிறு கோணத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.